ஒன்பது வருடம், 0.67 விநாடி: கேட்டி லெடெக்கியின் 800 மீட்டரும் எங்கள் நோட்டும்

2025 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணி. நான் நீச்சல் பயிற்சி கொடுக்கிற குளத்துக்கு முக்கூடலில் இருந்து தன் லோடு ஆட்டோவிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பா, பிள்ளை தண்ணீரில் இறங்கினதும் என் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணாச்சி, ஒன்னரை வருசமா ஒரே டைம்தான் அடிக்கா. அவ அம்மா பீடி சுத்துத காசும் இதுலதான் போகுது. இந்த வருசம் பத்தாம் கிளாஸ் வேற. நிப்பாட்டிருவோமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அந்தப் பிள்ளையின் நேரம் 2022-ல் 12 நிமிடம் 40 விநாடியாக இருந்தது. 2023 நவம்பரில் 10:58-க்கு இறங்கியது. அதற்கப்புறம் அந்த 10:58-ஐ விட்டு ஒரு விநாடிகூடக் கீழே வரவில்லை. "அடுத்த வாரம் பதில் சொல்லுதேன்" என்று அனுப்பிவிட்டேன். சும்மா ஆறுதல் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், மே 3-ஆம் தேதி, அமெரிக்காவில் ஃபோர்ட் லாடர்டேல் என்ற ஊரில் அந்த நாட்டு நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி 800 மீட்டரை 8 நிமிடம் 4.12 விநாடியில் நீந்தி உலக சாதனை செய்திருந்தார். அவர் உடைத்தது அவருடைய சாதனையையேதான். பழைய நேரம் 8:04.79, அது 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் நீந்தியது. 19 வயதில் நீந்திய நேரத்தை 28 வயதில் தாண்டியிருக்கிறார், அதுவும் 0.67 விநாடி. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒன்பது வருடம் அவருடைய சிறந்த நேரமும் "ஒரே டைம்தான்". அந்த ஒன்பது வருடத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒழுங்காகப் பார்த்தால் முக்கூடல் அப்பாவுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கும் என்று தோன்றியது. அந்த ஒரு வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏறிய நான்கு வருடம்

லெடெக்கி 1997 மார்ச்சில் வாஷிங்டனில் பிறந்தவர், பக்கத்தில் இருக்கும் பெதஸ்டாவில் வளர்ந்தவர். அம்மா கல்லூரிக் காலத்தில் போட்டி நீச்சல் அடித்தவர். ஆறு வயதில் அண்ணனோடு சேர்ந்து கோடைக்கால நீச்சல் குளத்துக்குப் போனதுதான் தொடக்கம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் நின்றபோது வயது 15. அந்த மைதானம் முழுக்க பிரிட்டனின் ரெபெக்கா ஆட்லிங்டனுக்காகக் கத்திக்கொண்டிருந்தது, உலக சாதனை அவர் பேரில்தான் இருந்தது. இந்தப் பிள்ளை முதலிலேயே முந்திப் போய் 8:14.63-ல் தொட்டது. இரண்டாவது வந்த ஸ்பெயினின் மிரேயா பெல்மோன்டே நான்கு விநாடிக்கும் மேல் பின்னால். 1989-ல் ஜேனட் எவான்ஸ் போட்டு 23 வருடம் நின்ற அமெரிக்க சாதனையும் அன்றைக்கே போனது.

அடுத்து வரிசையைப் பாருங்கள். 2013-ல் பார்சிலோனாவில் 8:13.86, உலக சாதனை. 2014-ல் 8:11.00. 2015-ல் கசானில் 8:07.39. 2016 ஜனவரியில் 8:06.68. ஆகஸ்டில் ரியோவில் 8:04.79. நான்கு வருடத்தில் 9.84 விநாடி. ரியோவில் இரண்டாவதாகத் தொட்ட ஜாஸ் கார்லினுக்கும் அவருக்கும் இடைவெளி 11.38 விநாடி. தண்ணீரில் அது ஏறக்குறைய பதினெட்டு மீட்டர். லெடெக்கி சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்க்கிற நேரத்தில் மற்றவர்கள் இன்னும் பதினெட்டு மீட்டர் அடிக்க வேண்டியிருந்தது.

இந்தக் காலத்தில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். லண்டனுக்கு அப்புறம் பயிற்சியாளர் யூரி சுகியாமா வேறு வேலைக்குப் போக, புரூஸ் ஜெமெல் வந்தார். இருவரும் உட்கார்ந்து ரியோவுக்கான இலக்கை எழுதினார்கள். 400 மீட்டரில் 3:56, 800 மீட்டரில் 8:05. இதை வெளியே யாருக்கும் சொல்லவில்லை. கால் நடுவில் இடுக்கிக்கொண்டு கையால் மட்டும் நீந்தப் பயன்படுத்தும் மிதவையில் (pull buoy) "565" என்று மட்டும் எழுதி வைத்துக்கொண்டார். தினமும் கண்ணில் படும், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. ரியோவில் 400 மீட்டரில் 3:56.46 அடித்தார், 800 மீட்டரில் மேலே சொன்ன 8:04.79. நினைத்த இடத்தில் போய் நின்றார்.

ஜெமெல் சொன்ன இன்னொன்றும் முக்கியம். தன் குழுவில் பயிற்சியில் அதிகமாகத் தோற்றது லெடெக்கிதான் என்றார். திரும்பத் திரும்ப நீந்துகிற பயிற்சிச் செட்டை எட்டாத வேகத்தில் தொடங்குவார், பாதியில் உடைந்துபோவார், மறுநாள் அதே வேகத்தில் மறுபடி தொடங்குவார். கூட நீந்தியது பையன்கள். நம் ஊரில் பிள்ளைகள் பயிற்சியில் தோற்றால் பெற்றோர் முகம் வாடுவதைத் தினமும் பார்க்கிறேன். அங்கே அந்தத் தோல்வியே பயிற்சித் திட்டத்தில் இருந்தது. இதற்கு நடுவில் 2015-ல் அவருக்கு நாடித்துடிப்பு தாறுமாறாக ஏறி, எழுந்து நின்றால் தலை சுற்றும் ஒரு உடல்கோளாறு இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அதை 2024-ல்தான் அவரே வெளியே சொன்னார்.

நேரம் ஏன் நிற்கிறது

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலருக்கும் இங்கேதான் குழப்பம். பன்னிரண்டு வயதில் வருடத்துக்கு ஐம்பது விநாடி குறைந்த பிள்ளை, பதினைந்து வயதில் ஐந்து விநாடிகூடக் குறையவில்லை என்றால் "மனசு இல்லை" என்கிறார்கள். தண்ணீரின் கணக்கு வேறு. வேகம் கூடக்கூடத் தண்ணீர் நம்மைப் பின்னுக்கு இழுக்கிற இழுவை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தில் கூடும், அதைச் சமாளிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். லண்டன் லெடெக்கிக்கும் 2025 லெடெக்கிக்கும் வேகத்தில் வித்தியாசம் இரண்டு சதவீதம்தான். ஆனால் உடலும் கையசைவும் அப்படியே இருந்தால் அந்த இரண்டு சதவீதத்துக்கு ஆறு சதவீதத்துக்கும் மேலே கூடுதல் சக்தி வேண்டும். பாபநாசத்தில் ஆற்றின் போக்கிலேயே வருகிறவன் ஒரு நாள் எதிரே திரும்பி நாலு கை போட்டுப் பார்த்தால் இது உடனே விளங்கும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 50 மீட்டர் குளத்தில் 800 என்றால் பதினாறு நீளம். லண்டனில் ஒரு நீளத்துக்குச் சராசரி 30.91 விநாடி. ரியோவில் 30.30. ஃபோர்ட் லாடர்டேலில் 30.26. ஒன்பது வருடத்தில் ஒரு நீளத்துக்கு 0.04 விநாடி. என் கையில் இருக்கும் ஸ்டாப்வாட்சை அமுக்கும்போது என் கட்டைவிரல் செய்கிற தப்பே இதைவிடப் பெரிது.

முதல் நான்கு வருடத்தில் உடல் வளர்ந்தது, நெஞ்சு விரிந்தது, கைவீச்சு நீண்டது. அதெல்லாம் ஒரு தடவை கிடைக்கும் வரவு. அது முடிந்த பிறகு வருகிற ஒவ்வொரு நூறில் ஒரு பங்கு விநாடியையும் சுவரில் திரும்புகிற இடத்தில், மூச்சு எடுக்கத் தலையைத் திருப்புகிற அளவில், ஐந்தாவது நூறு மீட்டரில் சோர்வு வரும்போது முழங்கை தாழாமல் இருப்பதில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

நின்ற ஒன்பது வருடம்

சரி, அந்த ஒன்பது வருடத்துக்கு வருவோம். பேப்பரில் வருவது பதக்க எண்ணிக்கைதான், எனக்கு முக்கியமாகப் பட்டது இடைவெளிகள். ரியோவில் 11.38 விநாடியில் ஜெயித்தவர், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே 800 மீட்டரை 1.26 விநாடியில் ஜெயித்தார். 2024 பாரிஸில் 1.25. 2025 ஆகஸ்டில் சிங்கப்பூர் உலகப் போட்டியில் 0.36. டோக்கியோவில் இவர் மெதுவாகிப்போனது உண்மைதான், ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. சிங்கப்பூரில் அவர் நீந்தியது 8:05.62, டோக்கியோவில் தங்கம் வாங்கியபோது 8:12.57. அவரைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் அவர் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் அரியார்ன் டிட்மஸ், லானி பாலிஸ்டர், கனடாவின் சம்மர் மெக்கின்டாஷ். 400 மீட்டரில் டிட்மஸ் 2019-ல் குவாங்ஜு உலகப் போட்டியிலும், டோக்கியோவிலும், பாரிஸிலும் அவரைத் தாண்டினார். அவருடைய 3:56.46 உலக சாதனையையும் 2022-ல் உடைத்தார்.

குவாங்ஜுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே போட்டி தொடங்கினதுமே உடம்பு சரியில்லாமல் போனது. 400 மீட்டரில் தோல்வி. 1500 மீட்டர் இறுதியிலிருந்து விலகினார், 200 மீட்டரிலிருந்தும் விலகினார். அப்புறம் கடைசியில் 800 மீட்டருக்கு வந்து நின்றார். இத்தாலியின் சிமோனா குவாடரெல்லா முன்னால் போய்க்கொண்டிருந்தார். 750 மீட்டர் வரை பொறுத்து, கடைசி நீளத்தில் முந்தி 8:13.58-ல் தொட்டார். நேரத்தை மட்டும் பார்த்தால் அவர் தரத்துக்கு அது சாதாரண நேரம், ஆறு வருடம் முன்னால் 16 வயதில் அடித்ததைவிட 0.28 விநாடிதான் குறைவு. ஆனால் எங்கள் குளத்தில் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பந்தயம் போட்டுக் காட்டலாம் என்றால் நான் ரியோவைக் காட்ட மாட்டேன், இதைத்தான் காட்டுவேன்.

அடுத்தது டோக்கியோ, ஜூலை 28 காலை. முதலில் 200 மீட்டர் இறுதி. ஐந்து வருடம் முன்னால் தங்கம் வாங்கிய அதே பந்தயத்தில் ஐந்தாவது இடம். ஒலிம்பிக்கில் தனிநபர் இறுதி ஒன்றில் அவருக்குப் பதக்கம் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும், மறுபடி வந்து நிற்கிறார், 1500 மீட்டருக்கு. ஆண்களுக்கு இந்தப் பந்தயம் 1908-லிருந்தே ஒலிம்பிக்கில் உண்டு, பெண்களுக்கு அன்றைக்குத்தான் முதல் தங்கம். 15:37.34. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்ன நினைத்திருப்பார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் காலை பந்தயம் சரியாகப் போகவில்லை என்றால் மத்தியானம் சாப்பிடவே மாட்டேன் என்கிறார்கள்.

டோக்கியோவுக்கு முந்தைய வருடம் கொரோனாவில் அவர் பயிற்சி எடுத்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குளம் மூடியபோது, ஒரு குடும்பம் தங்கள் வீட்டுப் பின்புறக் குளத்தைக் கொடுத்தது. 25 கெஜம், இரண்டே லேன். அவரும் இன்னொரு நீச்சல் வீராங்கனை சிமோன் மேனுவலும் அங்கேதான் மாதக்கணக்கில் நீந்தினார்கள். டோக்கியோ முடிந்ததும் வசதியான ஸ்டான்ஃபோர்டை விட்டு ஃபுளோரிடாவுக்குப் போனார், அந்தோனி நெஸ்டியிடம். 1988 சியோலில் சுரினாம் நாட்டுக்காக 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் 0.01 விநாடியில் தங்கம் வாங்கியவர் நெஸ்டி. அங்கே நீண்டதூர ஆண் நீச்சல்காரர்கள் குழுவாக இருந்தார்கள், பாபி ஃபிங்க் உட்பட. பழையபடி பையன்களைத் துரத்த வேண்டும், பயிற்சியில் தோற்க வேண்டும். 24 வயதில், ஏழு ஒலிம்பிக் தங்கம் கையில் இருக்கும்போது, தினமும் தோற்கிற இடமாகப் பார்த்துத் தேடிப் போவது எவ்வளவு பெரிய முடிவு!

அப்புறம் பாரிஸ். 1500-ல் 15:30.02, ஒலிம்பிக் சாதனை. 800-ல் 8:11.04. நான்கு ஒலிம்பிக்கில் அடுத்தடுத்து ஒரே பந்தயத்தில் தங்கம். மொத்தம் ஒன்பது தங்கம், பதினான்கு பதக்கம். அந்த 800 இறுதி நடந்தது ஆகஸ்ட் 3, லண்டனில் 15 வயதில் வென்றதும் ஆகஸ்ட் 3-தான். ஒன்பது மாதம் கழித்து வந்தது ஃபோர்ட் லாடர்டேல்.

எங்கள் பக்கம்

இப்போது முக்கூடல் பிள்ளை. ஒப்பிடுவதில் இருக்கும் அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே கிளப், பல்கலைக்கழகம், டாக்டர், உணவு ஆலோசகர், நீந்துகிறவருக்குத் தண்ணீருக்குள் கேமரா. இங்கே ஐந்தரைக்கு முதல் பஸ், ஒரு அவித்த முட்டை, 25 மீட்டர் குளத்தில் ஒரு லேனுக்கு ஏழு பேர்.

தாமிரபரணியில் நீச்சல் பழகிய பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி பழக்கம் இருக்கும். தலையைத் தூக்கித்தான் அடிப்பார்கள். ஆற்றில் அது அவசியம், சுழி எங்கே பாறை எங்கே என்று பார்க்க வேண்டும். குளத்தில் தலை தூக்கினால் இடுப்பு தாழும், இடுப்பு தாழ்ந்தால் இழுவை கூடும். இவளுக்குத் தலையைத் தண்ணீருக்குள் வைக்கப் பழக்கவே எட்டு மாதம் ஆனது. ஆனால் ஆற்றுப் பிள்ளைகளிடம் இருக்கும் மூச்சும் தோள்பலமும் ஊருக்குள் வளர்ந்த பிள்ளைகளுக்கு அவ்வளவு சீக்கிரம் வராது. 1994-ல் குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது, பேரிலேயே எங்கள் குற்றாலம் இருந்ததால் எங்கள் தெருவில் பாதிப் பையன்கள் குறுக்குத்துறையில் அக்கரைக்கும் இக்கரைக்குமாக அடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு நீண்டதூரப் பைத்தியம் பிடித்தது அப்போதுதான்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் நெல்லைக்காரர்கள் யாருக்கும் மறக்காது. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூடிக்கொண்டு போனது. நாங்கள் பயிற்சி எடுத்த குளத்திலும் சேறு ஏறி, மோட்டார் அறை முங்கி, ஏப்ரல் வரை திறக்கவில்லை. இவள் 10:58 அடித்தது அதற்கு முந்தின மாதம். நான்கு மாதம் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வயக்காட்டுக் கிணற்றில், இடுப்பில் கயிற்றைக் கட்டி மேலே பம்ப்செட் தூணில் முடிந்து, நின்ற இடத்திலேயே நீந்தினாள். நான் மேலே சுற்றுச்சுவரில் உட்கார்ந்து நிமிடத்துக்கு எத்தனை கை என்று எண்ணுவேன். எந்தப் பக்கக் கை தண்ணீருக்குள் அகலமாகப் போகிறதோ, கயிறு அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். இவளுக்கு இடது கை அகலமாகப் போகிறது என்பதைக் கயிறுதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது, குளத்தில் ஒன்றரை வருடமாக என் கண்ணில் படவில்லை.

ஏப்ரலில் குளம் திறந்ததும் முதல் 800 எடுத்தோம். 11:21. அதற்கப்புறம் 11:04, 11:01, 10:59, 2025 மே முதல் வாரத்தில் 10:58. அப்பா சொன்ன "ஒரே டைம்" இதுதான்.

லெடெக்கியின் சராசரிகளைப் போட்டு முடித்த அன்றைக்கு ராத்திரி, எங்கள் நோட்டை எடுத்து 2023 நவம்பர் பக்கத்தையும் 2025 மே பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நூறு நூறாக எழுதியிருப்பது எப்போதும் இருக்கும், ஆனால் கீழே இருக்கும் மொத்தத்தைத்தான் எல்லாரும் பார்ப்போம், நானும் அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 2023: 1:14, 1:19, 1:22, 1:24, 1:25, 1:27, 1:27, 1:20.

மே 2025: 1:19, 1:22, 1:23, 1:23, 1:23, 1:24, 1:24, 1:20.

இரண்டையும் கூட்டினால் 10:58-தான் வரும். ஆனால் முதல் வரியில் இருப்பது வேகமாகப் பாய்ந்து, நடுவில் செத்து, கடைசியில் உயிரைக் கொடுத்து முடித்த ஒரு சின்னப் பிள்ளை. முதல் நூறுக்கும் ஏழாவது நூறுக்கும் பதிமூன்று விநாடி வித்தியாசம். இரண்டாவது வரியில் அந்த வித்தியாசம் ஐந்து. நாலு மாதம் குளமே இல்லாமல் 11:21-க்குப் போனவள், வேறொரு ஆளாகத் திரும்பி வந்து அதே நேரத்தைத் தொட்டிருக்கிறாள். முதல் நூறில் ஐந்து விநாடி மெதுவாகத் தொடங்கியும் நஷ்டம் இல்லை. இந்த நீச்சலில் முதல் நூறை 1:17-க்கு எடுக்கலாம், நடுவில் இருக்கும் ஐந்து நூறில் ஒவ்வொன்றிலும் ஒரு விநாடி எடுக்கலாம், அதற்கு இடது கையைச் சரி செய்ய வேண்டும், 31 திருப்பத்திலும் சுவரை விட்டுக் கிளம்பும்போது உடலை இறுக்க வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நேரம் நிற்கிற எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஒரு நல்ல பக்கம் நோட்டில் இருக்காது. சிலருக்கு நூறு நூறாகப் பார்த்தாலும் அப்படியேதான் இருக்கும், அவர்களுக்கு வேறு பந்தயமோ வேறு விளையாட்டோ பார்க்கலாம் என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். மொத்த நேரத்தை மட்டும் பார்த்து அந்த முடிவை எடுக்கக் கூடாது என்பதே என் வாதம்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வந்ததும் நோட்டைக் கையில் கொடுத்தேன். இரண்டு வரியையும் விரலால் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தார். "இது கூட்டினா ரெண்டும் ஒண்ணுதான் வருது அண்ணாச்சி" என்றார். "ஏழாவதைப் பாருங்க" என்றேன். பார்த்தார். லோடு ஏற்றி ஏற்றிக் கணக்கு எழுதுகிற மனுஷர், அவருக்கு நான் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. "டிசம்பர் வரைக்கும் ஓட்டுவோம். பரீட்சைக்கு மூணு மாசம் லீவு குடுத்துரணும்" என்றார். சரி என்றேன். பத்தாம் வகுப்பு முக்கியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாரத்துக்கு ஆறு நாள் என்று இருந்ததை நாலாகக் குறைத்தோம், தூரத்தைக் குறைத்துத் திருப்பங்களைக் கூட்டினோம்.

ஆகஸ்ட் 2 சனிக்கிழமை சிங்கப்பூர் 800 இறுதி. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனவள் அப்பா போனிலிருந்து எனக்குக் கூப்பிட்டாள். லெடெக்கி, பாலிஸ்டர், மெக்கின்டாஷ் மூன்று பேரும் கடைசி நூறு வரை ஒட்டி ஒட்டியே போனார்கள். 8:05.62, 8:05.98, 8:07.29. "சார், மூணாவது வந்தவங்க டைம்கூட ரியோவுல ரெண்டாவது வந்தவங்களவிட ஒம்பது செகண்டு கம்மி சார்" என்றாள். அந்தக் கணக்கை அவளே போட்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் ஒரு 800 எடுத்தோம். 1:17, 1:22, 1:23, 1:23, 1:22, 1:24, 1:25, 1:21. மொத்தம் 10:57.